நேசக்குமார் அழித்த வரி

ஏரல் பஜாரில் பாத்திரக்கடைகளுக்கு நடுவே ஒரு ஷட்டர் அகலத்தில் நேசக்குமார் அண்ணனின் கடை இருந்தது. வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் செல்போன்கள் அந்தந்த ஊர்க் கம்பெனியின் சிம்முக்கு மட்டும் வேலை செய்யும். அதைத் திறந்து நம் ஊர் சிம் போடும்படி செய்துகொடுப்பது அவருடைய தொழில். காயல்பட்டினம், திருவைகுண்டம், சாத்தான்குளம் என்று பல ஊர்களிலிருந்து அவரைத் தேடி வந்தார்கள். வெளிநாட்டு டிவி, மோடம், வண்டியில் வைக்கும் ஜிபிஎஸ், எதைக் கொண்டுவந்தாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "கம்பெனிக்காரன் பூட்டியிருக்கான். தெறந்துரலாம், வச்சுட்டுப் போங்க."

பெரும்பாலும் திறந்தும் கொடுத்தார். பிறகு போன்கள் பூட்டில்லாமலே வரத் தொடங்கின. கடையை மூடிவிட்டு ஓமானுக்குப் போய், டவரில் ஏறி ஆன்டெனா கட்டும் வேலையை ஒப்பந்தம் முடியும்வரை செய்தார். திரும்பி வந்தபோது வயது நாற்பதைத் தொட்டிருந்தது. அவருடைய மனைவி தேவகனி அக்காவுக்கு முப்பத்தெட்டு. ஏரலுக்கு அப்பால் ஒரு கிராமத்தில், மிஷன் தொடக்கப்பள்ளியில் டீச்சர். குழந்தை இல்லை.

நாகர்கோவிலில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினார்கள். இனி வைத்தியம் பார்ப்பதென்றால் கணவனும் மனைவியும் ஒரே ஊரில் இருந்து பார்க்க வேண்டும், அதுவும் உடனே தொடங்க வேண்டும், இன்னும் ஒன்றிரண்டு வருஷம் போனால் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்றார் அந்த அம்மா. நேசக்குமார் அண்ணன் நம்பவில்லை. மதுரைக்குக் கூட்டிப் போனார். அங்கும் அதையே சொன்னார்கள். திருநெல்வேலியிலும் அதேதான். மூன்றாவது ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் தேவகனி அக்கா சொன்னாளாம்: "இனிமே வேற எந்த டாக்டரும் வேண்டாம். நீங்க மட்டும் இங்கன இருங்க. அது போதும்."

அப்படித்தான் அவர் தூத்துக்குடிக்கு, காசிலிங்கம் அண்ணாச்சியிடம் வேலைக்கு வந்தார். நான் அங்கே அலுவலகத்தில் இருந்தேன். பில் போடுவதும், கம்பெனிகளுக்கு இங்கிலீஷில் மெயில் எழுதுவதும் என் வேலை.

அண்ணாச்சியின் தொழில், கம்பியில்லாமல் இன்டர்நெட் கொடுப்பது. திரேஸ்புரத்தில் ஒரு மாடிக்கட்டடத்தின் உச்சியில் டவர். அங்கிருந்து ஐஸ் கம்பெனிகளுக்கும் மீன் ஏற்றுமதிக்காரர்களுக்கும் ரேடியோ வழியே இணைப்பு போகும். ஆனால் தெருவுக்குத் தெரு ஃபைபர் வந்துவிட்டது. மாதம் ஒருவராவது டிஷ்ஷைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகச் சொல்லி போன் செய்வார்கள். நேசக்குமார் அண்ணன் மாட்டியதைவிடக் கழற்றியதுதான் அதிகம். அவருடைய வேலையும் நிரந்தரமில்லை. ஓமான் கம்பெனி மறுபடி கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. டவர் ஏறத் தெரிந்த ஆள் அவர்களுக்கு வேண்டும்.

அந்த நேரத்தில்தான் உப்புக் கம்பெனி வந்தது. முத்தையாபுரத்துக்குத் தெற்கே அவர்களுக்குப் பெரிய உப்பளம். அளத்தின் கடைசியில் எடைமேடை. லாரி எடையும், அங்கே வைக்கப்போகும் கேமராக்களின் படமும் ஊருக்குள் இருக்கும் அலுவலகத்துக்கு உடனுக்குடன் வர வேண்டும். பாத்திகளுக்கு நடுவே கேபிள் இழுக்க முடியாது. ஒவ்வொரு வருஷமும் மண்ணை வெட்டிக் கட்டுவார்கள், கம்பம் நட்டால் உப்பு தின்றுவிடும். ரேடியோ ஒன்றுதான் வழி. சோதனை நன்றாக நடந்தால் அந்த ஒரு இடத்தோடு முடியாது, பக்கத்து அளங்களும் வரும்.

"இது மட்டும் நிக்கட்டும் நேசா, அப்புறம் அளத்துச் சோலி பூராவும் ஒன் பொறுப்பு. நீ எங்கயும் போவ வேண்டாம்" என்றார் அண்ணாச்சி.

அன்று மாலை அவர் மனைவியிடம் போனில் பேசியது எனக்குக் கேட்டது. "நாகர்கோவிலுக்குப் போன் போட்டுத் தேதி கேட்டுரு. ஆமா, ரெண்டு பேருக்குந்தான்."

புதுக் கருவி வாங்கும் நிலையில் அண்ணாச்சி இல்லை. வெளியூரில் ஒரு பெரிய ஹோட்டலைப் புதுப்பிக்கிறார்கள் என்றும், அங்கே மாட்டியிருந்த வைஃபை பெட்டிகளை மொத்தமாக விற்கிறார்கள் என்றும் தெரியவந்தது. மாதிரிக்கு ஒன்று வாங்கிவந்தார்கள். நல்ல பெட்டி, நல்ல சிப். ஆனால் அதில் ஐந்து கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் கீழ்ப்பகுதிச் சேனல்கள் மட்டுமே வந்தன. டவருக்கு டவர் பேச எங்களுக்குத் தேவைப்பட்டது, தூரம் போகும்படி சக்தியைக் கூட்டி அனுப்ப அனுமதியுள்ள மேல்பகுதி.

நேசக்குமார் அண்ணன் பெட்டியின் மென்பொருளை எடுத்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் திறந்த இயங்குதளத்தை ஏற்றினார். அதிலும் கீழ்ச் சேனல்கள்தான் வந்தன. அந்த இயங்குதளத்தில் ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு விவரக் கோப்பு உண்டு. இந்த போர்டில் இத்தனை மெமரி, இந்த இடத்தில் விளக்கு, இந்த இடத்தில் பொத்தான் என்று வரிசையாக எழுதியிருக்கும். அவர் அதைத் திறந்து கீழே இறங்கிக்கொண்டே போனார். ரேடியோவைப் பற்றிய பகுதியில் ஒரே ஒரு வரி, இரண்டு எண்களோடு இருந்தது. இந்த அலைவரிசையிலிருந்து இந்த அலைவரிசை வரை.

"மாட்டிக்கிட்டான்" என்றார்.

அந்த வரியை அழித்தார். மறுபடி தொகுத்துப் பெட்டியில் ஏற்றினார். மேலிருந்து கீழ்வரை எல்லாச் சேனலும் வந்துவிட்டன. அண்ணாச்சியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து திரையைக் காட்டினார்.

"அண்ணாச்சி, இதே போர்ட ரெண்டு மாடலா விக்கான். ஒண்ணுல மேல் சேனல் வரும், வெல கூட. இன்னொண்ணுல வராது. ரெண்டுலயும் சிப்பு ஒண்ணுதான். வராததுக்கு இந்த ஒத்த வரிதான் காரணம். எடுத்துட்டேன். பாத்தியளா?"

"சட்டப்படி தப்பு ஒண்ணும் இல்லையே?"

"நாட்டுக்கான செட்டிங் தனியா இருக்கு. அதத் தொடல. இந்தியான்னுதான் கெடக்கு. இது கம்பெனிக்காரன் வியாபாரத்துக்குப் போட்ட பூட்டு."

அண்ணாச்சி திரையையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். "ஏரல்ல ஒன் கடைக்கு ஏன் அந்தக் கூட்டம் வந்துச்சுன்னு இப்பம் தெரியுது" என்றார். ஹோட்டலில் இருந்த அத்தனை பெட்டிகளையும் எடுத்துக்கொண்டார். மேல்பகுதி அலைவரிசைக்கென்றே செய்த டிஷ்களை கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தார். கையில் இருந்ததெல்லாம் அதற்கே போய்விட்டது.

அலுவலக மேஜையில் இரண்டு பெட்டிகளை எதிரெதிரே வைத்துச் சோதித்தார்கள். மேல் சேனலில் ஒன்றையொன்று உடனே கண்டுகொண்டன. நான்கு கேமராவின் படமும் தடையில்லாமல் ஓடியது. நேசக்குமார் அண்ணன் எங்களுக்கெல்லாம் பஜ்ஜி வாங்கிக்கொடுத்தார்.

உப்பளத்தில் எடைமேடைக்குப் பக்கத்தில் இரும்புக் கம்பம் நட்டு ஒரு டிஷ்ஷையும், ஊருக்குள் உப்புக் கம்பெனியின் அலுவலக மாடியில் இன்னொன்றையும் கட்டினார்கள். நடுவே தட்டையான வெளிதான். ஒரு மரம் கிடையாது, கட்டடம் கிடையாது. ஆனால் இணைப்பு வரவில்லை.

இரண்டு பக்கமும் பெட்டிகள் நன்றாகத்தான் இருந்தன. சேனல் சரி, சக்தி முழுவதும் போய்க்கொண்டிருப்பதாகத் திரை சொன்னது. ஆனால் ஒன்று இருப்பது மற்றொன்றுக்குத் தெரியவில்லை.

முதலில் டிஷ் திரும்பியிருக்கிறது என்றார். விரல்கடை விரல்கடையாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு உயரம் போதாது என்று கம்பத்தோடு இன்னொரு கம்பத்தைச் சேர்த்துக் கட்டினார். பிறகு பாத்தித் தண்ணீரில் பட்டு அலை திரும்புகிறது என்றார். அது நடக்கக்கூடியதுதான் என்பதால் யாரும் மறுத்துப் பேசவில்லை. தண்ணீர் வற்றி உப்பு விளைந்து, அதை வாரும்வரை காத்திருந்தார். அப்போதும் வரவில்லை. கேபிளை மாற்றினார். கேபிளின் முனையை உப்பு அரித்திருக்கும் என்று டேப் சுற்றினார். பெட்டியை மாற்றினார்.

அந்த அளத்தில் சொரிமுத்து என்று ஒரு மேற்பார்வையாளர். தலையில் ஈரத்துண்டு, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. உப்பின் வெளிச்சத்துக்கு அது இல்லாமல் நிற்க முடியாது. நான் காகிதத்தில் கையெழுத்து வாங்கப் போயிருந்த ஒரு நாள், கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்த நேசக்குமார் அண்ணனைப் பார்த்து அவர் கத்தினார்:

"ஏ அண்ணாச்சி, முந்தாநேத்து ஏறின கொக்கு இன்னும் எறங்கலியா?"

"கொஞ்சம் பொறும்வே. சிக்னல் வந்துரும்."

"எங்கேருந்து வருது, கொழும்புலேருந்தா? நடந்து வந்திருந்தாக்கூட இன்னேரம் வந்திருக்கும்லா?"

அம்பாரத்தில் உப்புக் கொட்டிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி சொன்னாள்: "அந்தக் கிண்ணத்தக் கழத்தித் தாரும், கஞ்சியாவது ஊத்திக் குடிக்கோம்."

நேசக்குமார் அண்ணனும் சிரித்தார். கீழே இறங்கிவந்தபோது அவருடைய உள்ளங்கைகள் கிழிந்திருந்தன. உப்புக்காற்றில் அது எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும். அவர் லாரி டிரைவர்களுக்கு வைத்திருந்த பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு என்னிடம், "பானு, நாகர்கோவில் தேதி மறுபடி தள்ளிப்போச்சு" என்றார். மாதத்தில் குறிப்பிட்ட நாளில்தான் போக முடியும். அந்த நாளில் அவர் கம்பத்தில் இருந்தார். தேவகனி அக்கா தனியாகப் போய், ரத்தம் மட்டும் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

உப்புக் கம்பெனி மாதக் கடைசி வரை பார்ப்பதாகச் சொல்லியிருந்தது. ஓமான்காரர்களும் பாஸ்போர்ட்டை அதற்குள் கேட்டார்கள். இரண்டில் எது நடக்கும் என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை என்று அவரே சொன்னார்.

அந்த இயங்குதளத்தை எழுதுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் பேசிக்கொள்ளும் இணையப் பக்கம் ஒன்று உண்டு. அங்கே கேட்கலாம் என்று நான் சொன்னேன். "கேளேன். ஆனா வரிய அழிச்சத எழுதாண்டாம். பூட்டத் தெறந்துட்டோம்னு தெரிஞ்சா பதில் சொல்ல மாட்டானுவ" என்றார். அதை எழுதாமல் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவரிடம் சொல்லி, அதையும் சேர்த்தே எழுதினேன்.

மறுநாள் காலையில் பதில் வந்திருந்தது. எந்த நாட்டுக்காரர் என்று தெரியவில்லை. கோபமாக எழுதவில்லை, பொறுமையாகவே எழுதியிருந்தார். நேசக்குமார் அண்ணன் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"என்ன சொல்லுதான்?"

படித்துச் சொன்னேன். நீங்கள் நீக்கியது தடை அல்ல, அந்த வரி எதையும் பூட்டவில்லை. சிப் எல்லாச் சேனலிலும் பேசக்கூடியதுதான். ஆனால் சிப்புக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் போர்டிலேயே ஒரு வடிகட்டி இருக்கிறது. இந்த மாடலில் இருக்கும் வடிகட்டி கீழ்ப்பகுதியை மட்டுமே வெளியே விடும். இப்படி ஒன்று இருப்பது சிப்புக்குத் தெரியாது. இயங்குதளமும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. அதனால் யாராவது அளந்து பார்த்துக் கோப்பில் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. அந்த வரி அதுதான். வரியை எடுத்துவிட்டால் பட்டியலில் சேனல் வரும். வடிகட்டி மாறாது.

"மேஜையில வச்சப்ப ஓடிச்சே?"

அதையும் அவர் எழுதியிருந்தார். ஒரு முழத் தூரத்தில் வடிகட்டியைத் தாண்டிக் கசிவதே போதும். கிலோமீட்டர் கணக்கில் போனால் ஒன்றும் மிஞ்சாது.

நேசக்குமார் அண்ணன் ஒரு பெட்டியை எடுத்துவந்தார். மூடியைக் கழற்றி, சிப்பின் மேலிருந்த தகரக் கவசத்தை நெம்பி எடுத்தார். என் மேஜை விளக்கைக் கிட்டே இழுத்து, உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தார். சிப்புக்கும் ஆன்டெனா முனைக்கும் நடுவே அரிசியில் பாதியளவு வெள்ளையாக ஒன்று இருந்தது. அதன் மேல் அச்சிட்டிருந்த எண்ணை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அந்த எண்ணைத் தேடி விவரத்தாளை எடுத்தோம். கோப்பில் இருந்த அதே இரண்டு எண்கள்தான் அதிலும் இருந்தன.

"மேல என்னமும் எழுதியிருக்கானா? வழி ஏதும்?"

"இல்லண்ணே. குட் லக்னு முடிச்சிருக்காரு."

அவர் தகரக் கவசத்தை எடுத்து, இருந்த இடத்தில் வைத்து அழுத்தினார். அது சரியாக உட்காரவில்லை. அப்படியே வைத்துவிட்டார்.

வடிகட்டியைப் பெயர்த்துவிட்டு வேறு வைக்கலாமா என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. இரண்டு பெட்டிகளில் முயன்றார். ஒன்று செத்தது. மற்றொன்று உயிரோடு இருந்தது, ஆனால் எந்தச் சேனலிலும் பேசவில்லை. அவ்வளவு சிறியதை நேராக வைக்க அவரிடம் கருவி இல்லை.

அண்ணாச்சியிடம் அவரே போய்ச் சொன்னார். நான் உள்ளே இல்லை. ஆனால் நடுவில் இருந்தது பிளைவுட் சுவர்தான்.

"அப்பம் அது பூட்டு இல்லியா?"

"இல்ல அண்ணாச்சி."

"கம்பெனிக்காரன் உள்ளதத்தான் எழுதியிருந்தானா?"

"ஆமா."

"படிச்சுப் பாத்தேல்லா நீ?"

"படிச்சேன். நான்தான் அப்பிடி எடுத்துக்கிட்டேன்."

அண்ணாச்சி சத்தம் போடவில்லை. "கீழ் சேனல்லயே பாருலே. கெடச்ச மட்டும் கெடக்கட்டும்" என்றார்.

நேசக்குமார் அண்ணன் கோப்பைத் திறந்து, அழித்த வரியை அழித்த இடத்தில் மறுபடி எழுதினார். எண்களை என்னை வாசிக்கச் சொல்லி, ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்தார். தொகுத்து ஏற்றியதும் பட்டியல் சுருங்கிவிட்டது. கீழே இருக்கும் சில சேனல்கள் மட்டும் நின்றன. இத்தனை நாள் இல்லாததை எல்லாம் காட்டிக்கொண்டிருந்த திரை, இப்போது உள்ளதை மட்டும் காட்டியது.

உப்பளத்தில் அன்றைக்கு முதல்முறையாக இணைப்பு வந்தது. கம்பத்தடியில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த அவர் போனில் "வந்துட்டு பானு, வந்துட்டு" என்றார். எடைமேடையின் எண்கள், நான் போய் உட்கார்ந்திருந்த உப்புக் கம்பெனியின் ஊர் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தன. நாங்கள் கேமராவைப் போட்டோம். ஒரு லாரியின் முன்பாதி வந்து அப்படியே நின்றது. பின்பாதி வரும்போது அந்த லாரி போய்விட்டிருந்தது. டிஷ்கள் மேல்பகுதிக்கென்று செய்தவை. கீழ்ப்பகுதி அலையை அவற்றால் சரியாக அள்ள முடியவில்லை. வேறு டிஷ் வாங்கித்தரும்படி அண்ணாச்சியிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கேட்டிருந்தாலும் அண்ணாச்சியால் முடிந்திருக்காது.

உப்புக் கம்பெனியின் மேனேஜர் வந்து அந்த அரை லாரியைப் பார்த்தார். நல்ல மனிதர். "உங்க உழைப்ப நான் கொற சொல்லல. எடை மட்டும்னா போன்லயே சொல்லிருவாங்களே சார்" என்றார். வேறு ஆட்களிடம் ஏற்கெனவே பேசிவிட்டார்கள் என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது.

கம்பத்தைக் கழற்றும்போது சொரிமுத்துவே வந்து பிடித்துக்கொண்டார். அன்று கேலி எதுவும் செய்யவில்லை. "கம்பம் வேணும்னா இங்கனயே கெடக்கட்டும். கொட்டகைக்கு ஆவும்" என்று மட்டும் சொன்னார்.

பாஸ்போர்ட் கொடுத்து, மருத்துவச் சோதனை முடிந்து, விசா வந்தது. இந்த முறை மூன்று வருஷ ஒப்பந்தம். நடுவில் ஒரே ஒரு விடுமுறை.

கிளம்புவதற்கு முந்தின நாள் டவர் சாவியையும் ஏறும் பெல்ட்டையும் ஒப்படைக்க அலுவலகத்துக்கு வந்தார். தேவகனி அக்காவும் கூட வந்திருந்தாள். பள்ளிக்கு லீவு போட்டிருந்தாள். கஞ்சி போட்ட காட்டன் சேலை, தோளில் டீச்சர்கள் மாட்டும் பெரிய பை. நான் அவளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அண்ணாச்சி வெளியே போயிருந்ததால் காத்திருந்தார்கள். காப்பி வாங்கிவரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம்மா, குடிச்சிட்டுத்தான் வாரோம்" என்றாள்.

மூலையில் ஹோட்டல் பெட்டிகள் மேற்கூரை வரை அடுக்கியிருந்தன. அவள் கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுதானா?"

"இதுதான்" என்றார் அவர்.

"நல்லாத்தான இருக்கு, பாக்க?"

"நல்ல பெட்டிதான் தேவகனி. ரூமுக்குள்ள மாட்டினா இன்னும் பத்து வருஷம் ஓடும். நான்தான் அதக் கொண்டுபோய் அளத்துல மாட்டினேன்."

அவருடைய போன் அடித்தது. திரையைப் பார்த்துவிட்டு எடுக்காமல், "நாகர்கோவில்" என்று அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிப் பேசினாள். எதிர்முனையில் ஒரு பெண் குரல் வேகமாக எதையோ கேட்டது எனக்கும் லேசாகக் கேட்டது.

"ஆமாம்மா, தேவகனிதான் பேசுதேன்... இல்லம்மா, இந்த மாசம் வரல... அவிய ஊர்ல இருக்க மாட்டாவ... அடுத்த மாசமும் இல்லம்மா." கொஞ்சம் கேட்டுக்கொண்டாள். "இல்ல, தள்ளிப்போட வேண்டாம். டாக்டரம்மாட்ட நான் சொன்னேன்னு சொல்லிருங்க. அந்தம்மா முன்னமே சொல்லிட்டாவ, நாங்கதான் கேக்கல... சரிம்மா. வச்சிருதேன்."

போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"என்ன சொன்னாவ?"

"ஃபைல க்ளோஸ் பண்ணிரலாமான்னு கேட்டாவ. பண்ணிருங்கன்னேன்."

நேசக்குமார் அண்ணன் தலையை ஆட்டினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேறு ஏதாவது ஆஸ்பத்திரியின் பெயராக இருக்கலாம், மூன்று வருஷத்துக்கு அப்புறம் என்று தொடங்கும் வாக்கியமாகவும் இருக்கலாம். தேவகனி அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அண்ணாச்சி வர நேரமாகும் என்று தெரிந்தது. சாவியையும் பெல்ட்டையும் என்னிடமே கொடுத்தார்கள். வாங்கி மேஜையில் வைத்தேன். திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறினால் ஏரலுக்கு எங்கே மாற வேண்டும் என்று அவள் அவரைக் கேட்டுக்கொண்டே படியிறங்கினாள். நாளை அவரை வழியனுப்பிவிட்டுத் தனியாகத் திரும்ப வேண்டியிருக்கும் என்பதால் கேட்டிருப்பாள். அவர் ஒவ்வொரு நிறுத்தமாகச் சொல்லிக்கொண்டே போனார்.